நெடுவழிச் செலவும் சேம அச்சும்

கடற்கரையிலே விளைந்த உப்பை வண்டியேற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற உமணர், தம் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டே புறப்பட்டனர் என்பது புறநானூற்று 102-ஆம் பாட்டால் அறியக் கிடக்கின்றது. அதனைப் பாடியவர் ஒளவையார். பாடப்பெற்றவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினி. எருதுகளோ இளையன, நுகம் பழகாதன, வண்டியிற் பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்குங்கால் யாது நேரும், மேட்டில் ஏறுங்கால் யாது நேரும் என்று அறிவார் யார்? ஆதலின் உமணர் சேம அச்சு ஒன்றை வைத்திருந்தனர். பொகுட்டெழினியும் தன் மக்களுக்கு அத்தகைய சேம அச்சாவான் என்பது அப் புலவர் கருத்து. அரசனைக் கடலுக்கும் மலைக்கும் ஒப்பிடுவார் பலர் இருக்க, வண்டியின் அடியிற் கட்டிய மரத்துண்டிற்கு ஒப்பிட்ட ஒளவையார் நெடுவழி நடந்து பழகியவராகவே இருத்தல் வேண்டும்.

வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே, மயிலிறகையே ஏற்றினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று காட்டினார். யாத்திராகமத்திலே, செங்கடலிற் புகுந்த பார்வோன் படையின் தேர்கள் உருளை கழன்று நகரமாட்டாமல் இடர்ப்பட்ட செய்தி உண்டு. முன்னோர் அனைவரும் வண்டியிலே அஞ்சிய உறுப்பு ஒன்று உண்டெனின் அஃது அச்சே ஆகும்.

தகடூர் இக்காலத்துத் தர்மபுரி. கீழ்க்கடற்கரையிலிருந்து அவ்வூர்ப் பக்கம் செல்வார்க்குத் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊற்றங்கரை என இன்று செல்லும் நெடுஞ்சாலை ஏற்ற வழியாகும். அவ்வழியின் நடுவே நிற்பது 800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள அண்ணாமலை. பௌர்ணமிதோறும், சிறப்பாகக் கார்த்திகைத் தீபத்தன்று, பல இலக்கம் மக்கள் அவ்வூரை நோக்கி வருகின்றனர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் இரவெல்லாம் மோட்டார் வண்டிகள் ஓடி வருகின்றன. அவற்றுட் சில வழியில் நின்றுவிடுகின்றன. உருளையிற் காற்றுப் போயிற்றெனின் மாற்று உருளை உண்டு. எரிநெய் தீர்ந்ததெனின் வாங்கி வரலாம். அச்சு பழுதுற்றால் என் செய்வது? அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயில்வானுக்கு இயந்திரத்தோடு என்ன தொடர்பு என்று வினவும் நண்பர், மேற்கூறிய பாட்டை மீண்டும் ஒருமுறை நோக்குவாராக.

முதலில் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். மாட்டு வண்டியில் எருது இழுப்பது நுகத்தை. அச்சு பாரத்தைத் தாங்குமேயன்றி உருளையைச் சுழற்றுவதில்லை. கோயில் தேரும் அத்தகையதே. மக்கள் வடம் பிடித்து இழுக்கத் தேர் நகர்கின்றது. தேர் நகர்தலால் உருளை சுழல்கின்றது. மோட்டார் வண்டியிலோ முறை தலைகீழானது. ஆங்கு உருளை சுழல்தலால் வண்டி நகர்கின்றது. அவ்வுருளையைச் சுழற்றும் பொருட்டுப் பொறியின் ஆற்றல் பல உறுப்புகளின் வழியே கைமாறிக் கைமாறி வந்து சேர்தல் வேண்டும். அந்த உறுப்புகளின் வரிசையைத்தான் இங்கு அச்சு என்னும் பெயராற் பொதுவாகச் சுட்டுகின்றேன். அவை கிளட்ச்சு, கியர்ப்பெட்டி, டிபரன்ஷியல், அதிலிருந்து உருளைக்குச் செல்லும் தண்டுகள் என்பன.

பொறியானது ஓர் அளவிற்கு மேல் சுழற்சி குறைந்தால் அணைந்துவிடும். உருளையோ அசைவற்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டும். சுழலும் ஒன்றையும் சுழலாத ஒன்றையும் முறிவின்றி இணைப்பது கிளட்ச்சு. இரண்டு தட்டுகள் சிறிது சிறிதாக உராய்ந்து பற்றிக்கொள்வது போன்ற அமைப்பு அது. கியர்ப்பெட்டியின் தொழில் வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்குதல். சிறிய வண்டியொன்றில் முதற் கியரிட்டால் பொறி 14 அல்லது 15 முறை சுழன்ற பின்னரே உருளை ஒரு முறை சுழலும். சுழற்சி குறைந்த அளவிற்கு முறுக்கு மிகும். ஏற்றத்தில் முதற் கியர் வேண்டுவது இதனால்தான். இவ்விரண்டையும் பற்றி இவ்வளவு போதும். இனி வருவதே நுட்பமானது.

வண்டியொன்று அண்ணாமலையை ஒரு முறை வலமாகச் சுற்றி வருவதாகக் கொள்வோம். கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. மலை எப்போதும் வலப்புறத்தே இருத்தலின் வலப்பக்கத்து உருளைகள் உள்வட்டத்திலும் இடப்பக்கத்து உருளைகள் வெளிவட்டத்திலும் ஓடும். இரு பக்கத்து உருளைகளுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் உண்டெனின், வெளியுருளை உள்ளுருளையைவிட எவ்வளவு தொலைவு மிகுதியாக ஓடியிருக்கும்? அகலத்தை இருமடங்காக்கி 3.14-ஆற் பெருக்குக: 8.8 மீட்டர். பாதை எவ்வளவு நீளமாயினும், இடையே எத்தனை முறை நெளிந்து வளைந்தாலும், ஒரு சுற்று முடிவில் வேற்றுமை இதுவே. இடப்பக்கம் திரும்பிய ஒவ்வொரு நெளிவையும் வலப்பக்கம் திரும்பியது ஈடுசெய்துவிடுமாதலின், எஞ்சுவது ஒரு முழு வட்டமே. சிறு வண்டியின் உருளை ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் செல்லும். ஆகவே கிரிவலம் முடியுங்கால் உள்ளுருளை 7,800-க்கு அணித்தான முறை சுழன்றிருக்க, வெளியுருளை அதனினும் 5 முறை மிகுதியாகச் சுழன்றிருக்கும்.

இரண்டு உருளைகளையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்திருந்தால் இந்த 5 சுற்று எங்கே போகும்? ஓர் உருளை தரையிற் சறுக்கித் தேய வேண்டும். அன்றேல் தண்டு முறுக்குண்டு முறிய வேண்டும். மாட்டு வண்டிக்கு இத் தொல்லை இல்லை. அதன் உருளைகள் நிலையான அச்சின்மேல் தனித்தனியே சுழல்வன. தேருக்கும் அவ்வாறே. திருவண்ணாமலை மாட வீதிகளின் மூலைகளிலே தேரைத் திருப்புவோர் உருளையின் அடியிலே முட்டுக்கட்டையைச் செருகி, ஒரு பக்கத்தைத் தாமதப்படுத்தி மறுபக்கத்தை ஓடவிடுவர். உருளைக்கு மிக அருகே நின்று ஆடவர் சிலர் செய்யும் அத்தொழில் காண்போர்க்கு நடுக்கம் தருவது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு உருளைகளும் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் செய்தளித்த பின்னரும், திருப்புதற்கு முட்டுக்கட்டையை முற்றும் கைவிட்டாரில்லை.

மோட்டார் வண்டியில் அந்த வேலையைத் தானே செய்வது டிபரன்ஷியல். பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிபோர் பெக்கர் என்பார் 1820-களின் இறுதியில் நீராவி வண்டியொன்றுக்காக இதனை அமைத்தார். இதன் தத்துவத்தை நம் நாட்டு நுகத்தடியைக் கொண்டே விளக்கலாம். ஏர்க்காலின் முனையில் நடுவே ஒரே முளையாற் பொருத்திய நுகத்தடியின் இரு முனைகளிலும் இரண்டு எருதுகள் உள்ளன. ஒன்று சிறிது முந்தலாம்; மற்றொன்று சிறிது பிந்தலாம்; நுகம் சாயுமேயன்றி வண்டி தடைப்படாது. இழுக்கும் பாரமோ இரண்டிற்கும் ஒத்ததாகவே இருக்கும். ஆனால் ஒரு முனையில் எருதை அவிழ்த்துவிட்டால்? நுகம் அப்பக்கம் சுழன்று போகும்; மற்ற எருது எவ்வளவு வலியதாயினும் அதனால் வண்டியை இழுக்க இயலாது.

மோட்டார் வண்டியிலும் ஒரு பக்கத்துத் தண்டு முறிந்தால் மறுபக்கத்துத் தண்டு நன்றாயிருந்தும் வண்டி ஓர் அடியும் நகராததற்குக் காரணம் இதுவே. பொறி இரைகின்றது, கியர் விழுகின்றது, வண்டி நிற்கின்றது. ஒரு பக்கம் நலமாயிருக்க ஏன் ஊர்ந்தேனும் போகலாகாது என்று ஓட்டுநரைக் கடிந்துகொள்ளும் பயணியர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வேலூரில் மருத்துவத் தொண்டாற்றிய ஐடா ஸ்கடர் அம்மையார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெஜோ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டியில் ஏறிக் குடியாத்தம் சாலையிலே ஊரூராக நிறுத்தி நோயாளரைப் பார்த்து வந்தார். மரநிழலில் நோயாளர் காத்திருக்கும் அத்தகைய வழியில் வண்டி நிற்பதென்பது பயணியின் சலிப்பு மட்டும் அன்று. அக்காலத்து வண்டிகளும், அவற்றின் பின் நெடுங்காலம் நம் சாலைகளை ஆண்டு 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரும், முன்னே பொறியும் பின்னே ஓட்டும் உருளையும் உடையன. நடுவே நீண்ட தண்டு ஒன்று வண்டியின் அடியிற் கிடக்கும். அதன் முனைகளிற் சிலுவை வடிவான இணைப்பு உண்டு. பணிமனையார் அதனைக் கிராஸ் என்பர். வளைந்து நின்றும் சுழலவல்லது அது. எனினும் கோணம் மிகுந்தால் ஒரு சுற்றுக்குள்ளேயே இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும் குறை அதற்குண்டு.

1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது முதல் நம் நாட்டுச் சிறு வண்டிகளிற் பெரும்பாலன முன்னுருளைகளால் ஓடுவனவாயின. முன்னுருளையோ திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அவ்விரண்டையும் தளர்ச்சியின்றிச் செய்விக்கும் இணைப்பை 1920-களில் ஆல்பிரெட் ஷெப்பா என்னும் பொறியாளர் அமைத்தார். கிண்ணம் போன்ற கூட்டிற்குள்ளே ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருண்டு ஆற்றலைக் கடத்தும். அதற்குள் நிறைந்த கிரீசும், அதனை மூடிய மடிப்பு மடிப்பான ரப்பர் உறையுமே அதன் உயிர் எனலாம். சில நூறு ரூபாய் விலையுள்ள அவ்வுறை கிழிந்தால் கிரீஸ் சிதறும். சாலையின் மணலும் நீரும் உட்புகும். பின்னர் எஃகை எஃகே அரைத்துத் தின்னும்.

பழுது திடீரென வருவது அரிது. பெரும்பாலும் அது முன்னரே ஒலியாற் சொல்லிவிடுகின்றது. உருளையை முழுதும் ஒடித்துத் திரும்புங்கால் "டக் டக்" என்று எழும் ஒலி, வெளிப்பக்கத்துக் குண்டிணைப்பு தேய்ந்ததைக் காட்டும். நேர்வழியில் விரைவு கூட்டுங்கால் வண்டி உடம்பெல்லாம் நடுங்கினால் உட்பக்கத்து இணைப்பை ஐயுறுக. முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்போது அடியிலே "டம்" என ஒரு மோதல் கேட்பது கிராஸின் தேய்வு. பொறியின் இரைச்சல் உயர்ந்தும் வேகம் உயராமல், கருகிய நாற்றமும் வருமாயின் கிளட்ச்சுத் தட்டு பற்றவில்லை என்று பொருள். வேகத்தோடு சேர்ந்து ஏறும் நீண்ட ஊளை, உருளைத் தாங்கியிலிருந்தோ டிபரன்ஷியலிலிருந்தோ வருவது. பாட்டுப் பெட்டியை அலறவிட்டு ஓட்டுவோர்க்கு இவற்றுள் ஒன்றும் செவியில் விழாது.

சென்ற தைத் திங்களில் எம் துறை மாணவர் ஐவர் செங்கம் சென்றோம். மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னன் சேய் நன்னனின் ஊர் அதுவே. அப்பாட்டு 583 அடிகளிற் கூத்தர்க்கு வழி கூறுவது. சேயாற்றைக் கண்டு மீளும்போது எம் வாடகை வண்டியின் முன்னிடத்தில் டக் டக் ஒலி எழுந்தது. ஓட்டுநர் ஐம்பது வயதினர். கல் தெறிக்கின்றது என்றார். அடுத்த வளைவிலும் கல் தெறித்தது. சாலையோரத்து மெக்கானிக் ஒருவர் ஜாக்கியிட்டு உருளையைத் தூக்கி நோக்கியபோது, ரப்பர் உறை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது.

ஓட்டுநர் முகம் வாடிற்று. அன்றிரவே திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிச் செல்ல அவர் வாக்குக் கொடுத்திருந்தார். முதியவர் இருவரும் குழந்தையும் உட்பட ஐந்து பேர். வண்டியோ கடனில் வாங்கியது. தவணை நாள் அணித்தாயிருந்தது. "சைக்கிள் டியூபை வைத்துக் கட்டிக் கொடு தம்பி, போய் வந்து மாற்றிக்கொள்கிறேன்" என்றார்.

மெக்கானிக் இளைஞர், எம்மைவிட நான்கைந்து ஆண்டே மூத்தவர். அவர் இணைப்பைத் துடைத்து, புதுக் கிரீஸ் அடைத்து, டியூபைக் கிழித்துச் சுற்றிக் கம்பியாற் கட்டினார். பிறகு எழுந்து நின்று சொன்னார்: "அண்ணே, இந்தக் கட்டு திருவண்ணாமலை போய்ச் சேர்கிற வரைக்கும்தான். நாற்பதுக்கு மேலே ஓட்டாதீங்க. பெங்களூர்ப் பேச்சு வேண்டாம். அப்படிப் போறதா இருந்தா கட்டை இப்பவே அவிழ்த்துடறேன்."

அவர் கூறியது மிகையன்று. தேய்ந்த இணைப்பு மெல்லச் செல்லுங்கால் ஒலியோடு நின்றுவிடும். நெடுஞ்சாலை வேகத்திற் கழன்றால் சுழலும் தண்டு அருகிலுள்ள பிரேக்குக் குழாயையும் அறுத்துவிடக்கூடும். அம்பாசிடர் போன்ற வண்டிகளிலோ நீண்ட தண்டின் முன்முனை கழன்று தரையிற் குத்தினால் வண்டியே நிலைகுலையும். ஓட்டுநர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின் தமக்குத் தெரிந்த மற்றோர் ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்து இரவுச் செலவை அவரிடம் ஒப்படைத்தார். அந்த வாடகையும், ஒருகால் அந்த வாடிக்கையும் அத்தோடு போயின.

மெல்ல ஊர்ந்து திருவண்ணாமலை சேர்ந்தோம். மாற்றுத் தண்டு வேலூரிலிருந்து பேருந்திற் பார்சலாக வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. ஒரு நாள் வாடகையை முழுதும் கொடுத்தோம். பழுதின் செலவிற் பங்கு கொடுக்கவில்லை. வண்டியைக் காத்தல் உடையவன் கடமை என்றனர் எம்முள் இருவர். எம்மை ஏற்றி வந்த வழியிலன்றோ அது முடிந்தது என்றனர் இருவர். வழக்கு விடுதியில் இன்னும் தீர்ந்தபாடில்லை. என் கருத்து, வாடகை பேசும்போதே இதனையும் பேசிக்கொள்ளுதல் நன்று என்பது. நின்ற வண்டியின் அருகே நின்று பேசும் பேச்சில் நடுவுநிலை இருப்பதில்லை.

இனி, வண்டி வழியில் நின்றேவிட்டால் செய்யத்தக்கன சில. பலரும் அறியாத ஒன்றை முதற்கண் கூறுகின்றேன். சரிவில் நிறுத்திய வண்டியைக் கியரிலிட்டுவிட்டால் நகராது என்பது பொதுவாக உண்மையே. ஆயினும் தண்டு முறிந்த வண்டிக்கு அது பொருந்தாது. பொறிக்கும் உருளைக்கும் தொடர்பு அறுந்துவிட்டமையாற் கியர் எதனையும் பற்றாது. கைப்பிரேக்கு ஒன்றே துணை. அதனையும் முழுதும் நம்பாமல், தேர்த் தொழிலாளர் போல உருளையின் அடியிலே கல்லைச் செருகுதல் வேண்டும். போளூரிலிருந்து சவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் செல்லும் பாதை போன்ற இடங்களில் இஃது உயிரைக் காக்கும் செய்தி. இறக்கத்திற் கியரின் பிடிப்பால் வேகத்தை அடக்கி வருகையில் தண்டு முறிந்தால் அப் பிடிப்பும் அக்கணமே ஒழியும். பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தி, விரைவிலே ஓரம் கட்டி நிற்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் படுத்தல் எக்காலத்தும் ஆகாது. தலை குனிந்து விளக்கடித்துப் பார்த்தாலே, சக்கரத்தின் உட்புறம் வட்டமாகத் தெறித்த கிரீசும் தொங்கும் தண்டும் தெரியும்.

கிளட்ச்சுக் கம்பி அறுந்தால் வழி உண்டு. கம்பியால் இயங்கும் பழைய வண்டிகளில், பொறியை அணைத்து, முதற் கியரிலிட்டு, சாவியைத் திருகினால் வண்டி குலுங்கிக்கொண்டே புறப்படும். பின் பொறியின் சுழற்சியை ஒத்துப் பார்த்துக் கியரை மெல்ல நழுவவிடலாம். மக்கள் நெருங்கிய வீதியில் இதனைச் செய்தல் கொலைத்தொழிலுக்கு ஒப்பாகும். வெற்றுச் சாலைக்கே உரியது. கிளட்ச்சை அழுத்தினாலன்றிப் பொறி எழாத புது வண்டிகளில் இம்முறை செல்லாது. கிளட்ச்சுத் தட்டே தேய்ந்து பற்றாது போயின், சிறிது ஆறவிட்டு உயர்ந்த கியரைத் தவிர்த்து மெல்லச் செல்ல அண்மையிலுள்ள ஊர் வரை ஒருகாற் போதலாகும்.

திருவண்ணாமலைக்கே உரிய இடர் ஒன்று உண்டு. பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் நகர்க்குள் வண்டிகள் புகாதபடி புறவழிகளிலேயே நிறுத்திவிடுகின்றனர். கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். அந்நாளில் வண்டி பழுதுற்றால் இழுத்துச் செல்லும் வண்டியும் எளிதில் வந்து சேராது. உறுப்பு விற்கும் கடைக்குச் செல்ல வழியும் நெருக்கம். ஆதலின் ஐயத்திற்குரிய ஒலி கேட்குமாயின் செஞ்சியிலோ செங்கத்திலோ போளூரிலோ நின்று பார்த்துவிடுதலே தக்கது. முதியோரும் நோயாளரும் உடன் இருப்பின் அவர்களை முதலிற் பேருந்திலோ வேறு வண்டியிலோ அனுப்பிவிட்டுப் பின்னரே பழுதைப் பற்றி எண்ண வேண்டும். மருந்துப் பையும் அவர்களோடு செல்க. அது பூட்டிய வண்டிக்குள் தங்கிவிடுதல் அடிக்கடி நிகழ்வது.

இழுத்துச் செல்லுங்கால் முன்னுருளையால் ஓடும் வண்டியை முன்பக்கம் தூக்கி இழுத்தலே முறை. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியை, ஓட்டும் உருளைகள் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் ஓட்டமின்றி உறுப்புகள் வெந்துபோம். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால், பொறி ஓடாத வண்டியிற் பிரேக்கு மிகக் கடினமாகும், சுக்கானும் கனக்கும் என்பதை உட்கார்ந்திருப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். வழக்கமான மென்மையோடு அழுத்தினால் வண்டி நிற்காது.

மாற்று உருளையை நாம் ஸ்டெப்னி என்கின்றோம்; அது வேல்ஸ் நாட்டு இலனெல்லி நகரிலுள்ள ஸ்டெப்னித் தெருவின் பெயரால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாற்று உருளை செய்து விற்ற கம்பெனி மறைந்தும் பெயர் இந்நாட்டில் நிலைத்துவிட்டது. ஆனால் மாற்று அச்சை இக்காலத்தார் எவரும் சுமப்பதில்லை. சுமக்கவும் வேண்டா, அதனைப் பொருத்தும் கருவியும் கையும் சாலையில் இல்லை. சிறு டப்பாக் கிரீஸ், கம்பி, பழைய டியூபுத் துண்டு, கைவிளக்கு, உருளைக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை ஆகிய இவையே நெடுவழிச் செலவிற்குத் தக்கன. இவற்றினும் மேலாக, புறப்படுமுன் ஒருமுறை குனிந்து அந்த ரப்பர் உறைகளை நோக்குதல் ஐந்து நிமிட வேலை.

புதுத் தண்டு பொருத்திய பின் அப்படியே விரைந்து ஓடிவிடலாகாது. பழைய தண்டை உருவுங்கால் கியர்ப்பெட்டி எண்ணெயில் ஒரு பகுதி ஒழுகிவிடும். அதனை மீண்டும் நிரப்பினாரா என்று கேட்டறிக. உருளையின் நடுவிலுள்ள பெரிய நட்டை உரிய அளவிற்கு முடுக்கி, அது கழலாதபடி அதன் விளிம்பைத் தட்டிப் பூட்டினாரா என்று நோக்குக. திருவண்ணாமலைப் பெரிய தேரைச் செப்பனிட்டபின் 2024-இல் திருவிழாவிற்கு முன்னரே வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தனர். அதுபோல, ஆள் ஏற்றாமல் நான்கைந்து கி.மீ. ஓட்டி, இருபக்கமும் முழுவதும் ஒடித்துத் திருப்பி ஒலி கேட்க வேண்டும். இரவில் வண்டியின் அடியிலே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்து, காலையில் அதில் எண்ணெய்த் துளி இல்லையெனின் புறப்படலாம்.